சாதாரண கடைக்காரர் ஒருத்தரால தன் ஊருக்குன்னு பெரிசா என்ன செஞ்சிட முடியும்?

இந்தக் கேள்வியப் பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஜாக் ஓ நீல். நான் இருக்கிறது சான் ஹோசே, மலையத் தாண்டிப் போனா சாண்டா குரூஸ், அங்க சர்ஃப் கடை, அதாவது கடல் அலை மேல பலகையில சறுக்குறவங்களுக்கான கடை, வச்சிருந்தவர் அவர்.

கலிஃபோர்னியா கடல்னா வெதுவெதுன்னு இருக்கும்னுதான் நானும் நினைச்சிருந்தேன், இங்க வந்து கால வச்சப்பதான் தெரிஞ்சுது, தண்ணி 12, 13 டிகிரி, கொஞ்ச நேரத்துல கால் மரத்துப்போயிடும். ஓ நீல் முதல்ல 1952ல சான் பிரான்சிஸ்கோ கடற்கரை ஓரம் ஒரு கராஜ்ல கடை போட்டார், அலை நல்லா வர்றப்பவே குளிர் தாங்காம கரையேற வேண்டியிருக்கேன்னு நியோப்ரீன்ங்கிற ரப்பர் ஷீட்ட வெட்டி ஒட்டி மேல்சட்டையா செஞ்சு வித்தார். அந்த ரப்பர் பூரா குட்டிக் குட்டி காத்துக் குமிழி, உடம்புச் சூடு வெளிய போகாது. வெட்சூட்னு சொல்ற இந்தக் குளிர் தாங்குற உடுப்ப முதல்ல உருவாக்கினவர் பெர்க்லி இயற்பியலாளர் ஹியூ பிராட்னர்தான், அந்தப் பெருமை அவருக்கே போகட்டும், ஆனா சர்ஃப் பண்றவங்க எல்லாரும் அதப் போட ஆரம்பிச்சதுல ஓ நீலுக்குப் பெரிய பங்கு. 1959ல கடை சாண்டா குரூஸுக்கு வந்துச்சு. 1971ல, பலகையக் காலோட கட்டுற ரப்பர் கயிறு, அவர் மகனே உருவாக்கினது, அதுல பலகை திரும்பி வந்து அடிச்சு இடது கண்ணு போச்சு. அதுக்கப்புறமும் அவர் கடல விடல.

நான் சொல்ல வந்தது 1996ல அவர் ஆரம்பிச்ச ஓ நீல் சீ ஒடிஸி பத்தி. தன்னோட 65 அடி கட்டமரான் (ரெண்டு அடிப்பாகம் சேத்துக் கட்டின) படக ஸ்கூல் பசங்களுக்குக் குடுத்துட்டார், மான்டரே விரிகுடாவுல ஏத்திட்டுப் போய் கடல் பாடம் நடத்துவாங்க. பணம் கிடையாது, ஆனா வகுப்பே சேந்து தங்க ஊருக்கு ஏதாவது ஒரு வேலை செஞ்சிருக்கணும், அதுதான் டிக்கெட். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஓசின்னு யாரும் கூச வேண்டாம், உழைச்சு வாங்கின இடம். பக்கத்துல வாட்சன்வில் ஸ்ட்ராபெரி தோட்டத்துல கூலி வேலை பாக்கிறவங்க பிள்ளைங்க, கடல் அவ்வளவு பக்கத்துல இருந்தும் படகுல கால் வச்சிருக்காத பிள்ளைங்க, அவங்களும் இதுல போறாங்க. இதுவரைக்கும் ஒரு லட்சத்துக்கும் மேல பசங்க போயிருக்காங்க.

அதுல என் பொண்ணும் ஒருத்தி. அஞ்சாவது படிக்கிறப்ப அவ வகுப்பு ஸ்கூல் பக்கத்து ஓடையச் சுத்தம் பண்ணிட்டுப் போச்சு. படகுலேர்ந்து வலை போட்டு இழுத்த தண்ணில இருந்த பிளாங்டன, அதான் கடல்ல மிதக்கிற குட்டிக் குட்டி உயிர்கள, மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு வந்து ராத்திரி தூங்கவே இல்ல, பேசிக்கிட்டே இருந்தா.

ஓ நீல் 2017 ஜூன்ல, 94 வயசுல போயிட்டார். என் பொண்ணு அவரப் பாத்ததில்ல. ஆனா இன்னைக்கும் ரோட்டோர மழைநீர் வடிகால் கிட்ட பிளாஸ்டிக் கிடந்தா, அது கடலுக்குப் போயிடும்னு, ஸ்கூலுக்கு லேட்டானாலும் வண்டிய நிறுத்தச் சொல்லி இறங்கி எடுத்துட்டுதான் வருவா.