45 யூரோ பரோலோவும் 180 யூரோ பரோலோவும்

கேள்வி: டுரினில் வசிக்கிறோம். மகள் பிறந்தது 2016இல். அதே ஆண்டு விளைந்த பரோலோ (இத்தாலியச் சிவப்பு ஒயின்) ஒன்று வாங்கி வைத்து, அவளுடைய 18ஆவது பிறந்தநாளில் குடும்பமாகத் திறக்க ஆசை. கடையில் ஒரு பாட்டில் 45 யூரோ, இன்னொன்று 180 யூரோ. ஆண்டும் திராட்சையும் ஒன்றுதான். அதிக விலை கொடுத்தால்தான் அத்தனை வருஷம் தாங்குமா?

பதில்: தாங்குவதற்காக 180 யூரோ கொடுக்க வேண்டியதில்லை. பரோலோவுக்கு ஆயுளைத் தருவது நெபியோலோ திராட்சையிலேயே இருக்கும் துவர்ப்பும் புளிப்பும்தான். 2016 பரோலோ விளையும் பகுதிக்கு மிக நல்ல ஆண்டு. பழம் அவசரமில்லாமல் பழுத்தது. பொறுப்பான தயாரிப்பாளர் செய்த 45 யூரோ பாட்டில், சரியாக வைத்திருந்தால், 2034ஐ நன்றாகவே எட்டும்.

அப்படியானால் மீதி 135 யூரோ எதற்கு? சட்டம் கேட்பது இரண்டு பாட்டிலுக்கும் பொதுவானது. ஆல்பா நகரைச் சுற்றியுள்ள 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் பழம் எடுக்கக் கூடாது. 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அதனால்தான் 2016 அறுவடை 2020இல்தான் கடைக்கு வந்தது. அத்தனை காலம் தயாரிப்பாளரின் பணம் நிலவறையில் முடங்கிக் கிடக்கிறது. பரோலோ மலிவாகக் கிடைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். லேபிளில் ‘ரிசெர்வா’ என்று இருந்தால் 62 மாதம், அதற்கேற்ப விலையும் கூடும்.

உண்மையான வித்தியாசம் தோட்டத்தில் தொடங்குகிறது. நெபியோலோ தாமதமாகப் பழுக்கும் வகை, பெரும்பாலும் அக்டோபரில்தான் பறிப்பார்கள். அதற்கு வெயில் நன்றாக விழும் தெற்குப் பார்த்த சரிவு வேண்டும். ஒரே குன்றில் நல்ல சரிவும் சுமாரான சரிவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 2010இல் இந்தத் தோட்டப் பகுதிகளின் எல்லைகளை அதிகாரபூர்வமாக வரையறுத்து 181 பெயர்களை லேபிளில் போட அனுமதித்தார்கள். கன்னூபி, புருனாத்தே, விஞ்ஞா ரியோண்டா போன்றவை அதில் புகழ்பெற்றவை. அங்கே நிலம் ஹெக்டேருக்குப் பத்து லட்சம் யூரோவைத் தாண்டும். மண்ணும் மாறுகிறது: லா மோர்ரா ஊர்ப் பக்கத்து ஒயின் சற்று முன்னதாகவே இளகும், செர்ரலுங்கா ஊர்ப் பக்கத்தது இறுக்கமாக இருந்து மெதுவாக அவிழும். உங்கள் தேவைக்குச் செர்ரலுங்கா பொருத்தம்.

ஆனால் தோட்டப் பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கன்னூபியில் பலருக்கு நிலம் இருக்கிறது, எல்லோரும் ஒரே கவனத்தோடு செய்வதில்லை. பார்தோலோ மஸ்காரெல்லோ பண்ணை பல தோட்டத்துப் பழங்களைக் கலந்து ஒரே பரோலோதான் செய்கிறது. லேபிளில் தோட்டப் பெயர் இல்லை, ஆனாலும் விலை எட்டாத உயரத்தில். ஜாகொமோ கொன்தெர்னோ பண்ணையின் மொன்ஃபொர்தீனோ ரிசெர்வாவோ சாதாரண வாங்குபவர் கைக்கே வராது. இங்கே நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் பற்றாக்குறையின் விலை. சில ஆயிரம் பாட்டிலுக்கு உலகம் முழுக்கப் போட்டி; விமர்சகர் 100க்கு 98 போட்டால் இன்னும் ஏறும். அந்த ஏற்றத்தால் பாட்டிலுக்குள் இருக்கும் ஒயின் மாறிவிடாது.

என் கணிப்பில், ஒரு பரோலோவின் விலையில் 60, 70 யூரோ வரைக்கும் நிலத்தையும் உழைப்பையும் பார்க்க முடிகிறது. அதற்கு மேலே போகப் போகப் பெயரும் தட்டுப்பாடும்தான் கூடுகின்றன. அந்தப் பெயரே உங்களுக்கு மகிழ்ச்சி தருமென்றால் வாங்குங்கள், அதில் தவறில்லை. நானாக இருந்தால் 180 யூரோவுக்கு ஒன்றை வாங்காமல், நம்பிக்கையான தயாரிப்பாளரின் 60 யூரோ பாட்டில் மூன்று வாங்குவேன். நடுவில் ஒன்றைத் திறந்து எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். ஒரு கார்க் கெட்டுப்போனாலும் பிறந்தநாளுக்கு இன்னொன்று இருக்கும். ஒன்றரை லிட்டர் மேக்னம் கிடைத்தால் இன்னும் நல்லது, அது மெதுவாக முதிரும்.

பாட்டிலை விட, வைக்கும் இடத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். டுரினின் கோடையில் அலமாரியில் வைத்த பரோலோ, எத்தனை யூரோ கொடுத்து வாங்கியதானாலும், வீணாகிவிடும். உங்கள் குடியிருப்பில் தரைக்கடியில் கந்தீனா (நிலவறை) இருந்தால், கோடையிலும் 12 முதல் 15 டிகிரிக்குள் நிற்கிறதா என்று ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். சரியென்றால் இருட்டில், படுக்க வைத்து விடுங்கள். அப்புறம், கடைக்காரரிடம் இந்த 2016 பாட்டில்கள் இத்தனை நாள் எங்கே இருந்தன என்று கேளுங்கள். கண்ணாடி ஜன்னலில் வெயில் பட நிற்கும் பாட்டிலானால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.