நாலு லட்சத்துப் புது குட்டியானை: டியூ போட்டு எடுக்கலாமா?

கேள்வி: அண்ணே, எனக்கு நிலக்கோட்டை பக்கம். நாலைந்து தோட்டத்துப் பூவைச் சேர்த்து விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறேன். இதுவரை வாடகை வண்டிதான். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால் டாடா ஏஸ் ப்ரோ நாலு லட்சத்துக்குள் தொடங்குகிறது என்கிறார்கள். "புது மாடலை முதல் வருசம் எவனும் வாங்க மாட்டான், தகரம் மெல்லிசு, இஞ்சின் தாங்காது" என்கிறான் மச்சான். ஷோரூம்காரர் "கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்கிறார். மாதம் நாலைந்து நடை வாழைத்தார் ஏற்ற சிறுமலைக்கும் போக வேண்டும். மதுரையிலிருந்து திரும்பும்போது சிமெண்டோ உரமோ கிடைத்தால் ஏற்றுவேன். எடுக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா?

பதில்: தம்பி, மச்சான் சொல்வதில் பாதி சரி. ஷோரூம்காரர் பேச்சை விடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுக்க அது லாட்டரிச் சீட்டு இல்லை.

முதலில் இந்த 'புது மாடல்' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஏஸ் ப்ரோ 2025 ஜூனில் வந்தது. பெட்ரோல், சிஎன்ஜியும் பெட்ரோலும் சேர்ந்தது, பேட்டரி என்று மூன்று வகை, வந்தபோது தொடக்க விலை 3.99 லட்சம். அந்த வருடம் செப்டம்பர் 22-லிருந்து சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அதனால் பழைய விலைப்பட்டியலைக் காட்டிப் பேசுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வகையில் இருப்பது 694 சிசி, இரண்டு சிலிண்டர், 30 குதிரைத்திறன். 2021-ல் இதே 3.99 லட்சத்துக்கு ஏஸ் கோல்டு பெட்ரோல் என்று ஒன்று வந்ததே, அதிலும் 694 சிசி இரண்டு சிலிண்டர்தான். அதாவது வண்டி புதுசு, இஞ்சின் வழி பழசு. நம் பட்டறைக்காரர்கள் கை வைத்துப் பழகிய சாமான். 'இஞ்சின் தாங்காது' என்ற பயத்தை அதனால் ஓரமாக வைத்துவிடலாம்.

அப்புறம் எங்கேதான் பயப்பட வேண்டும்? புது மாடலின் முதல் தொகுதி வண்டிகளில் சிக்கல் வருவது பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில். வயரிங் போகும் பாதை, அதைப் பிடித்திருக்கும் கிளிப், கனெக்டர், சென்சார், கதவு லாக், ரப்பர், வெல்டிங். தொழிற்சாலையில் எவ்வளவு ஓட்டிப் பார்த்தாலும் நம் ஊர் மழையும் பள்ளமும் நடுராத்திரி லோடும் சேர்ந்து கொடுக்கும் அடி வேறு.

எனக்கே அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கம்பெனியின் புது வண்டியை, பெயர் வேண்டாம், வந்த ரெண்டாவது மாதமே வாங்கினேன். முதல் மழையில் நின்றது. காய்ந்ததும் ஓடியது, மறுபடி மழை, மறுபடி நின்றது. கடைசியில் பார்த்தால் வயர் கட்டு சேஸிஸில் ஒரு முனையில் உரசி உரசித் தோல் உரிந்திருக்கிறது. பழுது சின்னதுதான், ஆனால் அந்த வயரிங் செட் ஸ்டாக்கில் இல்லை என்று வண்டி 11 நாள் ஷோரூம் வாசலில் கிடந்தது. பத்து ரூபாய் கிளிப் ஒன்றைச் சரியான இடத்தில் போட்டிருந்தால் வந்திருக்காத வினை. அடுத்த வருடம் அதே கம்பெனி அந்த இடத்தில் கிளிப் போட்டுத்தான் வண்டியை விட்டது.

பெரிய கம்பெனிகளுக்கும் இது நடந்திருக்கிறது, ஒளித்துப் பேச ஒன்றுமில்லை. நானோ கார் வந்த புதிதில் சில வண்டிகள் தீப்பிடித்து, 2010 கடைசியில் எக்ஸாஸ்டிலும் மின்சார இணைப்பிலும் கூடுதல் பாதுகாப்பு வைத்து இலவசமாகப் பொருத்தித் தருகிறோம் என்று டாடா அறிவித்தது. மாருதி 2018 அக்டோபரில் சூப்பர் கேரி லோடு வண்டிகளில் 640-ஐத் திரும்ப அழைத்து, எரிபொருள் பம்ப் பிரச்சினையைப் பார்த்துக் கொடுத்தது. திரும்ப அழைத்தார்கள் என்றதும் மட்டமான வண்டி என்று முடிவுகட்ட வேண்டாம், அழைக்காமல் மூடி மறைப்பதுதான் மோசம். வாங்கிய பிறகு உங்கள் சேஸிஸ் நம்பரைச் சொல்லி, இதற்கு ஏதாவது திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸில் கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வண்டியின் தரத்தைப் பற்றி ஒரு பக்கம் கேட்டுவிட்டு, போகிற போக்கில் சிமெண்ட் என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் உதைத்தது. இந்த வண்டியின் பாரம் 750 கிலோ. சிமெண்ட் மூட்டை 50 கிலோ என்றால் 15 மூட்டை, அவ்வளவுதான். மதுரையில் லோடு கொடுப்பவர் 15 மூட்டையோடு நிறுத்துவாரா? "இன்னும் அஞ்சு போடுப்பா" என்பார், நீங்களும் வாடகையை நினைத்துப் போடுவீர்கள். அந்த அஞ்சு மூட்டைதான் பின் ஸ்பிரிங்கையும் கிளட்சையும் பிரேக்கையும் தின்னும். ஆறு மாதம் கழித்து ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது, வண்டி மட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போம். நான் பட்டறையில் பார்த்த 'மட்டமான' வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

ஆர்சி புத்தகத்தில் மொத்த எடை, வெறும் வண்டி எடை என்று இரண்டு எண் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்குள்தான் நீங்கள், கூட வருபவர், ஸ்பேர் சாமான், தார்ப்பாய், தொட்டியைச் சுற்றி நீங்கள் அடிக்கப்போகும் இரும்பு கிரில் எல்லாம் அடங்க வேண்டும். கிரில் அடிப்பவரிடம் எத்தனை கிலோ வரும் என்று கேட்டுவிட்டு அடியுங்கள், ஆசைக்கு உயர்த்திக்கொண்டே போகாதீர்கள். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அது போக, பாரம் மீறி ஓட்டியது தெரிந்தால் வாரண்டியும் கை கழுவிவிடும்.

பூவுக்கு இந்த வண்டி பொருத்தம்தான், அதில் சந்தேகமே இல்லை. பூ இடத்தைத்தான் அடைக்கும், எடை ஏறாது. தொட்டி நிறைய மல்லிகை மூட்டை போட்டாலும் இந்த இஞ்சினுக்கு அது ஒரு பொருட்டில்லை, வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டுக்குப் போய்விடலாம். சிறுமலைதான் யோசிக்க வேண்டிய இடம். 18 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வெறும் வண்டி என்பதால் 30 குதிரை போதும், இறங்கும்போதுதான் லோடு. ஒரு தார் 12 கிலோ என்று வைத்தால் 55 தாருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். இறக்கம் முழுக்க இரண்டாவது கியரில் இஞ்சின் பிடிப்பிலேயே வர வேண்டும், பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் இருந்தால் இந்த வண்டி மட்டுமல்ல, எந்த வண்டியும் உங்களுக்கு வேண்டாம். மாதம் நாலைந்து நடை என்றால் தாங்கும். தினமும் மலை என்றால் வேறு வண்டி பார்க்கச் சொல்லியிருப்பேன்.

பேட்டரி வண்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஷோரூமில் அதைத் தள்ளிவிடப் பார்க்கலாம். 14.4 யூனிட் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 155 கிலோமீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு. உங்களுக்கு மதுரை போக வரக் கிட்டத்தட்ட 100 ஆகும், லோடோடு நிஜத்தில் கிடைப்பது கம்பெனி சொல்வதைவிடக் குறையும். அதோடு சிறுமலையையும் சேர்த்தால் மனசு பக்கு பக்கு என்றுதான் இருக்கும். சிஎன்ஜி வகையில் அவசரத்துக்கு 5 லிட்டர் பெட்ரோல் டேங்க் உண்டு, ஓட்டும் செலவும் குறைவு. உங்கள் வழியில் சிஎன்ஜி பங்க் எங்கே இருக்கிறது, விடியற்காலை 3 மணிக்குத் திறந்திருக்குமா என்று நேரில் போய்ப் பாருங்கள். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனை செய்ய வேண்டும், அதையும் செலவில் சேருங்கள். மலையும் இருப்பதால் என் ஓட்டு பெட்ரோலுக்கு.

மச்சான் சொன்ன தகரத்துக்கு வருவோம். மெல்லிசுதான். நாலு லட்சத்துக்கு வேறு எப்படி இருக்கும்? தகரம் லோடைத் தூக்குவதில்லை, சேஸிஸும் ஸ்பிரிங்கும்தான் தூக்குகின்றன. ஆனால் தொட்டித் தளம் ஈரப்பூ மூட்டையால் தினமும் நனையும், அது துருவை விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரி. முதல் நாளே தளத்துக்கு ரப்பர் மேட் போட்டு, அடிப்பக்கம் துருத் தடுப்பு பூசி, வாரம் ஒருமுறை மேட்டைத் தூக்கிக் காயவிடுங்கள். சக்கரமும் சின்னது. பெரிய வண்டி பொருட்படுத்தாத பள்ளம் இதற்குக் குழி, எனவே வேகத்தை நம்பி லோடு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

2005-ல் வந்த முதல் ஏஸ் டீசலை ஊர் மெக்கானிக் மரத்தடியில் பிரித்து மாட்டினார். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு அந்தக் காலம் முடிந்தது. இப்போது ஒரு சென்சார் போனாலும் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும், ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்க வேண்டும், சில வேலைகள் கம்பெனி சர்வீஸில் மட்டும்தான் ஆகும். அதனால் விலை பேசும் முன்னால் சர்வீஸ் மேனேஜரைப் பாருங்கள், விற்கிறவரை இல்லை. வயரிங் செட், இசியூ (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்), பெட்ரோல் பம்ப் இந்த மூன்றும் ஸ்டாக்கில் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாளில் வரும், வத்தலக்குண்டு ரோட்டில் வண்டி நின்றால் யார் வருவார், இழுத்துப்போகும் செலவு யாருடையது. வாயால் சொன்னதை எழுதி வாங்குங்கள். வாரண்டி புத்தகத்தில் 'எவை அடங்காது' என்ற பக்கத்தை மட்டும் உட்கார்ந்து படித்தால் போதும். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங் மாதிரி தேய்கிற சாமான் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மூன்றரை லட்சம் கடனை 11 சதவீதத்தில் நாலு வருடத்துக்குப் போட்டால் மாத டியூ 9,050 ரூபாய் அளவில் வரும், நாளுக்கு 300. வண்டி பத்து நாள் நின்றால் டியூ நிற்காது, பூவும் காத்திருக்காது, அந்தப் பத்து நாளும் வாடகை வண்டிக்கு வேறு கொடுக்க வேண்டும். சின்னத் தொழிலில் பழுதை விட, பழுது சரியாக ஆகும் நாட்கள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

சட்டப் பக்கம் ஒன்று, பலருக்குத் தெரியாது. லோடு வண்டி வியாபாரத்துக்கு வாங்கியது என்று சொல்லி நுகர்வோர் கோர்ட்டில் கம்பெனி வக்கீல் வழக்கைத் தள்ளப் பார்ப்பார். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியிருந்தால் நீங்கள் நுகர்வோர்தான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 1995-ல் லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை விளக்கியிருக்கிறது. அதனால் வண்டி உங்கள் பெயரில் இருக்கட்டும், நீங்களே ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவை சர்வீஸில் விடும்போதும் உங்கள் புகாரை ஜாப் கார்டில் எழுத வையுங்கள், அதன் நகல் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பழுது கிளம்பி இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தாலே சில ஷோரூம்கள் இறங்கி வரும். லைசென்ஸ் பற்றி யாராவது பயமுறுத்தினால் கவலை வேண்டாம், மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள லோடு வண்டிக்குக் கார் ஓட்டும் எல்எம்வி லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அமர்வு உறுதி செய்துவிட்டது.

டெலிவரி அன்று மாலை போட்டு போட்டோ எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஃபார்ம் 21 என்ற விற்பனைச் சான்றில் தயாரிப்பு மாதம் இருக்கும், பல மாதம் யார்டில் வெயிலில் கிடந்த வண்டியா என்று தெரிந்துவிடும். டயர் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 2225 என்றால் 2025-ன் 22-வது வாரம். வண்டிக்கு அடியில் படுத்து வயர் எங்காவது இரும்பில் உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக் கதவு இடுக்கில் ஊற்றிப் பாருங்கள், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இன்சூரன்ஸில் ஐஎம்டி 23 என்ற கூடுதல் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் லோடு வண்டியில் பம்பர், லைட் உடைந்தால் காசு வராது.

ஆக, என் முடிவு இது. பூவும் எப்போதாவது வாழையும் என்றால் பெட்ரோல் வகையை எடுக்கலாம். சிமெண்டை மறந்துவிட வேண்டும். மறக்க முடியாது, திரும்பும் லோடில்தான் லாபமே என்றால் இதை எடுக்காதீர்கள், நன்றாகப் பராமரித்த பழைய அசோக் லேலண்ட் தோஸ்த்தோ மகிந்திரா பொலிரோ பிக்கப்போ தேடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை மட்டும் பாக்கி. ஒரு மழைக்காலமாவது ஓடிய ஏஸ் ப்ரோ வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் கண்ணில் படுவார்கள். மைலேஜ் கேட்காதீர்கள், எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள். ஷோரூமில் மொத்தம் எத்தனை நாள் நின்றது, எதற்காக நின்றது என்று மட்டும் மூன்று பேரிடம் கேளுங்கள். மூன்று பேரும் ஒரே சாமான் பெயரைச் சொன்னால் ஆறு மாதம் பொறுங்கள். ஆளுக்கொன்று சொன்னால் எடுத்துவிடலாம். டெலிவரிக்கு மச்சானையும் கூட்டிப்போங்கள், தகரத்தைத் தட்டிப் பார்க்க ஆள் வேண்டுமல்லவா.