முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்

கேள்வி: என் மனைவிக்கு 66 வயது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து போன வாரம்தான் வீட்டுக்கு வந்தாள். பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யச் சொன்னால் வலிக்கிறது என்று அழுகிறாள். எனக்கு மனசு கேட்காமல் படுத்தே இரு என்று விட்டுவிடுகிறேன். அவளுடைய அக்கா வேறு வந்து தயிர் கூடாது, கத்தரிக்காய் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் செய்வது சரிதானா?
வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சரியில்லை. மாற்றிய மூட்டு நன்றாக மடங்கி நீள்வதற்கு இந்த முதல் சில வாரங்கள்தான் முக்கியம், படுக்கையிலேயே விட்டால் உள்ளே தழும்பு இறுகி மூட்டு விறைத்துப்போகும், அப்புறம் மடக்குவது இதைவிடப் பெரிய வேதனை. அதற்காக அழ அழ மடக்கச் சொல்லவில்லை. வலி தாங்க முடியாமல் போன பிறகு மாத்திரையைத் தேடாமல் மருத்துவர் எழுதிக்கொடுத்த நேரப்படி கொடுங்கள், அதில் ஒரு வேளை பயிற்சிக்கு அரைமணி, முக்கால்மணி முன்னால் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ், பத்துப் பதினைந்து நிமிடம். அப்படியும் அழுகிறார் என்றால் மாத்திரை போதவில்லை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருப்பீர்களே, அதை எடுத்துவிடுங்கள். மடங்கிய நிலை சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அதுவே பழகினால் கால் முழுசாக நீளாது. வைக்கத்தான் வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

தயிரும் கத்தரிக்காயும் புண்ணை ஒன்றும் செய்யாது. புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டை, பருப்பு, மீன் எல்லாம் கொடுங்கள். தேக்கா சந்தையில் விரால் மீன் கிடைத்தால் சூப் வையுங்கள், அக்காவுக்கும் திருப்தியாக இருக்கும். நீரிழிவு இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் உண்மையான பத்தியம். சில வலி மாத்திரைகள் மலச்சிக்கல் கொடுக்கும், அதனால் தண்ணீரும் பப்பாளியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்கள் யாராவது கோடாலித் தைலத்தை எடுத்துக் கெண்டைக்காலை நீவிவிட ஆரம்பித்தால் மட்டும் தயவு பார்க்காமல் தடுத்துவிடுங்கள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அங்கே ரத்தம் உறைந்து கட்டியாக வாய்ப்பிருக்கிறது. மூட்டைச் சுற்றி வீக்கமும் சூடும் சில வாரங்கள் இருப்பது சகஜம், ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, புண்ணில் சீழ் கசிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் யோசிக்காமல் 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸை வரச்சொல்லுங்கள்.

தண்ணீரையும் இனி கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவரே சமையலறை வரை வரட்டும், நீங்கள் பக்கத்திலேயே நடந்தால் போதும். அங்கே கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போட்டுவிட்டால் உட்கார்ந்து உங்கள் ரசத்துக்கு உப்புப் பார்ப்பார்.

படி இருந்தால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுதானே? குடியுரிமை உள்ள குடும்பமென்றால் முதியோருக்கு ஏற்றபடி வீட்டை மாற்றித்தரும் ஈஸ் (EASE) திட்டத்தில் குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் போட்டுக்கொள்ளலாம், 65 வயது தாண்டியவர் வீட்டில் இருந்தால் போதும், செலவில் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்கிறது. வீவக கிளையிலோ இணையத்திலோ இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள், கம்பி வரும்வரை அவர் குளிக்கும்போது கூடவே இருங்கள்.