நகைக்கடையில் கேட்கப்படாத கேள்விகள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் தங்கையின் திருமணத்திற்காகச் சென்ற மாதம் குடும்பத்தோடு நகை எடுக்கப் போயிருந்தோம். என் தந்தை கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். உழவர் சந்தையில் கத்திரிக்காய் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவாகக் கிடைக்கும் என்றால் கடைசிக் கடைவரை நடந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அப்படிப்பட்டவர், மூன்று பவுன் சங்கிலிக்கு விற்பனையாளர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டில் சேதாரம் 14 சதவீதம் என்றிருந்ததைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்தபின் நான் கேட்டதற்கு, "பெரிய கடை, ஹால்மார்க் நகை, ஏமாற்ற மாட்டார்கள்" என்று முடித்துவிட்டார். பணம் கொடுத்து ஒன்றை வாங்கும்போது நம்மை முடிவெடுக்க வைப்பது எது? விளம்பரமா, பழக்கமா, நாலு பேர் பார்வையா? ஆரமும் வளையலும் இன்னும் எடுக்க வேண்டியிருக்கிறது. நகைச்சீட்டு போட்டிருப்பதால் அதே கடைக்குத்தான் போக வேண்டும் என்கிறார் அம்மா. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
தி., மன்னார்குடி

அன்புள்ள தி. அவர்களுக்கு,

உங்கள் தந்தை கணக்குத் தெரியாமல் பேசாமல் இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. சந்தையில் கணக்குப் பார்ப்பவர் நகைக்கடையில் பார்க்காமல் விடுவது அவருக்கு மட்டும் உரிய குணமும் அல்ல. டேனியல் கானமன், ஏமோஸ் டிவெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் இதே கேள்வியை வேறு பொருள்களை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் 125 டாலருக்கு ஒரு மேற்சட்டையும் 15 டாலருக்கு ஒரு கால்குலேட்டரும் வாங்கப் போகிறீர்கள். அதே கால்குலேட்டர் இருபது நிமிடத் தொலைவில் உள்ள இன்னொரு கிளையில் 10 டாலருக்குக் கிடைக்கிறது என்று கடைக்காரர் சொல்கிறார். போவீர்களா என்று ஒரு குழுவிடம் கேட்டார்கள். 68 சதவீதம் பேர் போவோம் என்றனர். இன்னொரு குழுவிடம் விலைகளை மாற்றி, கால்குலேட்டரின் விலை 125 டாலர், இன்னொரு கிளையில் 120 டாலர் என்று சொன்னபோது போகிறோம் என்றவர்கள் 29 சதவீதம்தான். இரண்டிலும் மொத்தச் செலவு ஒன்று, மிச்சமாகும் தொகையும் அதே ஐந்து டாலர். ஆனால் மனம் மிச்சமாகும் பணத்தைப் பொருளின் விலையோடு ஒப்பிட்டே பார்க்கிறது. முப்பது ரூபாய் கத்திரிக்காயில் ஐந்து ரூபாய் பெரிதாகத் தெரிவதும், லட்சங்களில் போடப்படும் பில்லில் ஆயிரங்கள் கண்ணில் படாமல் போவதும் இதனால்தான். வீடு வாங்குபவர்களும் மண்டபம் பேசுபவர்களும் இதே நிலைக்கு ஆளாகிறார்கள்.

ஆனாலும் இந்த ஒரு காரணத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. "ஏமாற்ற மாட்டார்கள்" என்று உங்கள் தந்தை சொன்ன சொல்லில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது.

கத்திரிக்காய் சொத்தையா இல்லையா என்று கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தங்கத்தின் மாற்று, அதாவது அதன் தரம், வாங்குபவருக்குத் தெரியாது. பல ஆண்டுகள் அணிந்த பிறகும் தெரியாது. உருக்கும் நாளில்தான் தெரியவரும். கண்ணால் சோதிக்க முடியாத பொருளை வாங்குபவர் உண்மையில் ஓர் ஆளின் சொல்லைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார். நம் தாத்தா பாட்டிகளுக்கு அந்தச் சொல் குடும்பத்துப் பத்தருடையதாக இருந்தது. அவரிடம் உரைகல் இருந்தது, அவர் தெரு தெரிந்திருந்தது, அவர் மகனும் அதே தொழிலில் இருந்தான். பிறகு அந்த இடத்திற்குக் கடைகள் வந்தன. கடைகளோடு அடையாளங்களும் வந்தன.

அவற்றுள் 'கே.டி.எம். நகை' என்ற விளம்பரம் உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். நகையின் துண்டுகளை இணைக்கும் பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ந்தால், உருக்கும்போது மொத்த நகையின் தரமும் இறங்கிவிடும். அதற்கு மாற்றாகத் தங்கத்தோடு சிறிய அளவு காட்மியம் கலந்த பொடியைப் பயன்படுத்தினார்கள். அது குறைந்த சூட்டிலேயே உருகும், பற்றவைப்பிலும் தரம் குறையாது. ஆக, கே.டி.எம். என்பது பற்றவைப்பைப் பற்றிய செய்தியே ஒழிய, நகையின் தங்கம் எத்தனை காரட் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. மக்கள் அதை உத்தரவாதமாகவே எடுத்துக்கொண்டு வாங்கினார்கள். காட்மியப் புகையைச் சுவாசித்த பத்தர்களின் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டன என்பது இதில் என்னை மிகவும் வருத்துகிற செய்தி. வாங்கியவர்களில் எத்தனை பேர் அதை அறிந்திருப்பார்கள்!

ஹால்மார்க் அப்படியல்ல, அது உண்மையான அடையாளம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) 2000-இல் தங்க நகைகளுக்கு இதைத் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாள எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது என்றாயிற்று. 916 என்ற முத்திரை, ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட் என்பதைச் சொல்கிறது. சோதித்துப் பார்த்துத் தரம் குறைந்திருந்தால், குறைந்த அளவுக்குரிய தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. இவ்வளவு வலுவான பாதுகாப்பு முந்தைய தலைமுறைக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அது பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்குத்தான்: இந்த நகையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது? இந்த நகைக்கு நான் எவ்வளவு தர வேண்டும் என்பதைப் பற்றி அந்த முத்திரை எதுவும் சொல்லாது. உங்கள் தந்தை முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவது கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொண்டார். வாங்கும் முடிவுகளில் நான் மிகவும் அஞ்சுவது இந்த இடத்தைத்தான். பொய்யை நம்பி ஏமாறுபவர் என்றாவது விழித்துக்கொள்வார். உண்மையான ஓர் உத்தரவாதத்தை நம்பி, அது தொடாத விஷயங்களிலும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுபவருக்கு, ஏதோ விட்டுப்போனது என்றே தெரியாது. நல்ல மருத்துவர் என்பதற்காக மருத்துவமனையின் பில்லைப் படிக்காமல் பணம் கட்டுவதும், நன்றாகப் பாடம் நடத்தும் பள்ளி என்பதற்காகச் சீருடைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் கேட்ட விலையைக் கொடுப்பதும் இதே வகைதான்.

சேதாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் அராவும்போதும் மெருகு போடும்போதும் கொஞ்சம் தங்கம் தூளாகப் போவது உண்மை. கோயம்புத்தூரில் நகைப் பட்டறைகள் உள்ள தெருக்களின் மண்ணைக் கூட்டி அள்ளி, அலசி, தங்கத் துகள் எடுத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பட்டறைக்காரர்களும் அந்தத் தூளை விட்டுவிடுவதில்லை, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். இயந்திரத்தில் பின்னப்படும் சங்கிலியில் இழப்பு இன்னும் குறைவு. ஆகவே பில்லில் இருக்கும் சேதாரம் என்பது இன்று பெரும்பாலும் கடையின் வாடகை, சம்பளம், விளம்பரம், இலாபம் எல்லாம் சேர்ந்த தொகைதான். அதை வாங்குவது தவறில்லை, கடை நடத்த அது வேண்டும். ஆனால் அதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. அன்றைய கிராம் விலை ஊரெங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், கடைக்குக் கடை விலை வேறுபடுவது பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான்.

தங்கம் விலை நாளுக்கு நாள் மாறுவதால், கணக்குக்கு எளிதாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பவுன் என்பது 24 கிராம், 2,40,000 ரூபாய். 14 சதவீதச் சேதாரம் 33,600 ரூபாய். அதே போன்ற சங்கிலியை 9 சதவீதத்திற்குத் தரும் கடையில் அது 21,600 ரூபாய். வித்தியாசம் 12,000, மூன்று சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 12,360. இப்போது, கிராமுக்கு 100 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கடை பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறது என்று கொள்ளுங்கள். 24 கிராமுக்கு அந்தத் தள்ளுபடி 2,400 ரூபாய். மக்கள் திரண்டு போவது அந்த 2,400 ரூபாய்க்காக. அங்கே சேதாரம் ஐந்து சதவீதம் கூடுதலாக இருந்தால், அதைவிடப் பல மடங்கு பணத்தைக் கொடுத்துவிட்டு, இலாபமாக வாங்கிய நிறைவோடு வீட்டுக்கு வருவார்கள். அவர்களும் கணக்குப் பார்த்தவர்கள்தான். தங்கள் கண் முன்னால் வைக்கப்பட்ட எண்ணை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். விலைகளில் எந்த எண்ணைப் பெரிதாக எழுதுவது, எதைச் சிறிதாக எழுதுவது என்று தீர்மானிப்பவருக்கு, வாங்குபவரின் முடிவில் நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு இருக்கிறது. 'செய்கூலி இல்லை' என்ற அறிவிப்பைப் பார்த்தால் சேதாரம் எவ்வளவு என்றும், 'சேதாரம் குறைவு' என்று பார்த்தால் செய்கூலியும் கல்லின் விலையும் எவ்வளவு என்றும் கேட்கத் தோன்ற வேண்டும்.

நாலு பேர் பார்வையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது நிச்சயம் உண்டு, ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் வழியில் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாண வீட்டில் கேட்கப்படும் கேள்வி "எத்தனை பவுன் போட்டீர்கள்?" என்பது. "எத்தனை சதவீதச் சேதாரம் கொடுத்தீர்கள்?" என்று எந்தச் சம்பந்தியும் கேட்பதில்லை. பவுன் ஊரறியும் எண், சேதாரம் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும் எண். ஊரறியும் எண்ணைக் காப்பாற்றுவதில் எல்லாக் கவனமும் போய்விடுகிறது. அதோடு, மணப்பெண்ணும் உறவினர்களும் சூழ்ந்திருக்க, நகை கழுத்தில் வைத்துப் பார்க்கப்பட்ட பிறகுதான் எஸ்டிமேட் வருகிறது. அந்த நேரத்தில் சதவீதத்தைப் பற்றிப் பேசுவது மகளுக்குச் செய்வதில் கணக்குப் பார்ப்பது போல ஒரு தந்தைக்குத் தோன்றும். உங்கள் தந்தையின் மௌனத்தில் பாசமும் இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விளம்பரத்தின் வேலை இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. நடிகர் சொன்னார் என்பதற்காக யாரும் மூன்று பவுன் வாங்குவதில்லை. எந்தக் கடையின் படியேறுவது என்பதை அது தீர்மானிக்கிறது. பல ஆண்டுகளாகக் காதில் விழுந்த பெயர், நன்கு தெரிந்தவரின் பெயர் போல ஆகிவிடுகிறது. நாள்களையும் அது உருவாக்கித் தருகிறது. அட்சய திருதியை அன்று தங்கம் வாங்க வரிசையில் நிற்கும் வழக்கம் நம் பாட்டிகளின் காலத்தில் இந்த அளவில் இல்லை.

நகைச்சீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் அடுத்த முடிவை எடுக்கப்போவது அதுதான். மாதத் தவணை கட்டத் தொடங்கிய அன்றே, இன்னும் பார்த்திராத ஒரு நகையை எந்தக் கடையில் வாங்குவது என்பது முடிவாகிவிடுகிறது. 2014-இல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வந்த வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்திற்கு 365 நாள்களுக்குள் பொருளைக் கொடுத்துக் கணக்கை முடித்தால் அது வைப்புத்தொகை ஆகாது. நிறுவனங்கள் நடத்தும் சீட்டுகள் ஓராண்டுக்குள் அடங்கியதற்கு இதுவே காரணம். வங்கி வைப்புத்தொகை அல்ல என்பதால், வங்கியில் போட்ட பணத்திற்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது. கடை மூடப்பட்டு, சீட்டுக் கட்டியவர்கள் காவல் நிலையத்தில் வரிசையில் நின்ற செய்திகளை நாம் அண்மைக் காலத்திலும் படித்தோம். நல்ல முறையில் நடக்கும் சீட்டு சிறு வருவாய்க் குடும்பங்களுக்கு உதவியாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன், அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'சேதாரம் இல்லை' என்ற சலுகை பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சதவீதம் வரைதான். அதற்கு மேல் சேதாரம் உள்ள நகையை எடுத்தால் மீதியை நீங்கள் தர வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் அந்த வரம்பு எவ்வளவு என்று பாருங்கள்.

ஆகவே சீட்டுப் பணத்திற்கு உரிய நகையை அதே கடையில், அந்த வரம்புக்குள் எடுங்கள். மீதிக்கு இன்னும் இரண்டு கடைகளில் எஸ்டிமேட் வாங்குங்கள். அதற்கு மணப்பெண்ணை அழைத்துச் செல்ல வேண்டாம், நீங்களும் தந்தையும் ஒரு வேலை நாள் முற்பகலில் போனால் போதும். ஒரே எடை, ஒரே வகை வேலைப்பாடு என்று சொல்லிக் கேளுங்கள். கல் பதித்த ஆரம் என்றால் கல்லைக் கழித்த தங்கத்தின் நிகர எடையைத் தனியாகக் கேளுங்கள். ஹால்மார்க் நகையின் பில்லில் நிகர எடையும் காரட்டும் ஹால்மார்க் கட்டணமும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பது விதி. எச்.யு.ஐ.டி. எண்ணைக் கடையிலேயே பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். எந்த வகை நகை, எத்தனை காரட், எந்த மையம் முத்திரையிட்டது என்பதெல்லாம் வரும், அது கையில் இருக்கும் நகையோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். இதே நகையைப் பின்னாளில் மாற்றினாலோ விற்றாலோ எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டு, அந்தப் பதிலை எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

சேதாரத்தைக் குறைத்துக் கேட்டால் விற்பனையாளர் மேலாளரிடம் போய்க் கேட்டுவிட்டு வருவார். பெரும்பாலான கடைகளில் ஓரளவு குறைப்பார்கள், அது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த நடைமுறை. கேட்பதால் யாருடைய மதிப்பும் குறையாது என்பதை மட்டும் உங்கள் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் பேசுவதைவிட அவர் பேசுவதே நல்லது. கருவூலத்தில் மற்றவர்களின் பில்களைச் சரிபார்த்தவருக்கு ஓர் எஸ்டிமேட்டில் எந்த வரியை நிறுத்திக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தங்கையின் திருமணத்திற்கு என் வாழ்த்துகள்.