நாலைந்து நிமிடத்தில் காணாமல் போகும் ரெக்கார்டர்

கேள்வி: ஆன்டெனாவில் வரும் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் நெட்வொர்க் ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். ஹாலில் பதிவானதைப் படுக்கையறை டிவியிலும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாங்கியது. ரெக்கார்டரை ஆன் செய்ததும் அந்த டிவியின் பட்டியலில் அதன் பெயர் வருகிறது. நாலைந்து நிமிடத்தில் மறைந்துவிடுகிறது. கிடைத்த நேரத்தில் ஓட்டினால் படம் நின்று நின்று வருகிறது. போதாக்குறைக்கு, எதைப் பதிவு செய்தாலும் அரை மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. மூன்று முறை ஃபேக்டரி ரீசெட் செய்தும் பலன் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் ரெக்கார்டர் நன்றாகவே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சிக்கல்கள் ஒரே வாரத்தில் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. மூன்றுமே ரெக்கார்டருக்கு வெளியே இருப்பவை. அதனால்தான் ரீசெட் எதையும் சரிசெய்யவில்லை.

முதலில் ஒன்று: தயவுசெய்து இனி ரீசெட் செய்யாதீர்கள். பல ரெக்கார்டர்கள் பதிவுகளைத் தமக்கு மட்டுமே தெரிந்த ஒரு சாவியால் பூட்டி வைக்கின்றன. ரீசெட்டில் அந்தச் சாவி அழிந்துபோனால், ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகள் அப்படியே கிடக்கும், எதுவும் ஓடாது. ஆசையாகச் சேர்த்து வைத்த பதிவுகளை இப்படி இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது பெயர் மறைவதைப் பார்ப்போம். ரெக்கார்டரும் டிவியும் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன? ரெக்கார்டர் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அவ்வப்போது குரல் கொடுக்கும். அந்த முகவரியைக் கேட்டுக்கொண்டிருக்கும் சாதனங்கள் அதைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். சாதனத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து 2003இல் தொடங்கிய டிஎல்என்ஏ அமைப்பு இந்த முறையைத்தான் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அமைப்பு 2017இல் கலைக்கப்பட்டுவிட்டது, ஆனால் டிவிகளும் ரெக்கார்டர்களும் இன்னும் அதே வழியில்தான் பேசிக்கொள்கின்றன.

நடுவில் இருக்கும் ரூட்டரில் ‘ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’ என்று ஒரு வசதி உண்டு. பொது முகவரிக்கு வரும் குரலை எல்லாருக்கும் அனுப்பாமல், கேட்க விரும்பும் சாதனங்களுக்கு மட்டும் அனுப்புவது அதன் வேலை. யார் யார் கேட்கிறார்கள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். அந்தக் கணக்கு நிலைக்க வேண்டுமானால், ‘இன்னும் கேட்கிறீர்களா?’ என்று யாராவது அடிக்கடி விசாரிக்க வேண்டும். வீட்டு ரூட்டர்கள் சிலவற்றில் ஸ்னூப்பிங் இருக்கும், விசாரிக்க ஆள் இருக்காது. விசாரணை வராவிட்டால் வழக்கமான கெடு 260 வினாடி, அதாவது 4 நிமிடம் 20 வினாடி. அது கடந்ததும் டிவியின் பெயர் கணக்கிலிருந்து போய்விடும், ரெக்கார்டரின் குரல் டிவிக்குப் போகாது. உங்கள் கடிதத்தில் ‘நாலைந்து நிமிடம்’ என்று படித்ததுமே எனக்குத் தோன்றியது இதுதான்.

உறுதிப்படுத்துவது எளிது. ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ரெக்கார்டரின் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 192.168.1.20 என்பதுபோல இருக்கும். டிவியில் பெயர் மறைந்த பிறகு, ஃபோனில் பிரவுசரைத் திறந்து அந்த எண்ணை அடியுங்கள். பெரும்பாலான ரெக்கார்டர்களில் ஒரு கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கும். திறந்துவிட்டால் ரெக்கார்டர் நெட்வொர்க்கில் நலமாக இருக்கிறது, கண்டுபிடிக்கும் வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது. ரூட்டரில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை அணைத்துவிட்டு, ரூட்டர், ரெக்கார்டர், டிவி என்ற வரிசையில் மறுபடி ஆன் செய்யுங்கள். பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இணைய இணைப்பு வழியாகவே டிவி சேனல்களும் வருகிற வீடாக இருந்தால், ஸ்னூப்பிங்கை அணைத்ததும் வைஃபை திணறலாம். அப்படியானால் அதை மறுபடி ஆன் செய்துவிட்டு, ‘ஐஜிஎம்பி குவெரியர்’ என்ற விசாரிக்கும் வசதி ரூட்டரில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பெயர் ஒருமுறைகூட வராதவர்களுக்கு விஷயம் வேறு. ஒரு சாதனம் விருந்தினர் வைஃபையில் இருக்கலாம். அல்லது வீட்டில் இரண்டு ரூட்டர்கள் இருந்து, டிவி ஒன்றிலும் ரெக்கார்டர் இன்னொன்றிலும் இருக்கலாம். ஒன்றின் முகவரி 192.168.0 என்றும் மற்றது 192.168.1 என்றும் தொடங்கினால் பெரும்பாலும் அதுதான். இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது தனி நெட்வொர்க் அமைக்காமல் முதல் ரூட்டரின் நெட்வொர்க்கையே நீட்டித் தரும் முறைக்கு, மாற்றினால் போதும்.

சரி, படம் நின்று நின்று வருவதற்கு வருவோம். ஒரே பதிவை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் அதே வினாடியில் சிக்கினால் குறை பதிவிலேயே இருக்கிறது. ஆன்டெனாவையும் அதன் கேபிளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் சிக்கினால் அது வைஃபை. ரெக்கார்டர், டிவி இரண்டும் வைஃபையில் இருந்தால் ஒரே படம் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது: ரெக்கார்டரிலிருந்து ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து டிவிக்கு. ரெக்கார்டரை மட்டுமாவது லேன் கேபிளில் ரூட்டரோடு இணையுங்கள். பாதிச் சுமை அங்கேயே குறையும். விலை உயர்ந்த கேபிள் தேவையில்லை. வினாடிக்கு 18 மெகாபிட் அளவுள்ள எச்டி ஒளிபரப்புக்கு 100 மெகாபிட் இணைப்பே தாராளம். டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுவதும் உதவும், ரூட்டர் ரொம்பத் தள்ளி இல்லாதவரை.

அரை மணி நேரத்தில் நிற்கும் பதிவுக்குக் காரணம் அநேகமாக நீங்கள் செருகிய ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருப்பது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மேலே சொன்ன 18 மெகாபிட் கணக்கில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 8 ஜிபி. அப்படியானால் 4 ஜிபி எப்போது நிறையும்? அரை மணி நேரத்தில்! சில ரெக்கார்டர்கள் பதிவைத் துண்டு துண்டாக வெட்டிச் சமாளிக்கும், உங்களுடையது நிறுத்திவிடுகிறது. டிஸ்க்கில் வேறு கோப்புகள் இருந்தால் முதலில் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள், ஃபார்மேட்டில் எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் கணினியில் அல்லாமல், ரெக்கார்டரின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். தனக்கு ஒத்துவரும் முறையை அதுவே எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்றைச் சோதனையாகப் பதிவு செய்து பாருங்கள்.

மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். டிஸ்க்கில் தொடங்குங்கள், பிறகு கேபிள், கடைசியில் ரூட்டர். அதற்குப் பிறகும் பெயர் மறைந்தால், எத்தனையாவது நிமிடத்தில் மறைகிறது, பிரவுசரில் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கிறதா, ரூட்டர் எந்த மாடல் என்ற மூன்றையும் குறித்து மறுபடி எழுதுங்கள்.