சேலைன் ஏறுவது நரம்பிலா, நாளத்திலா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்தவர். இப்போது தாதியர் பயிற்சியில் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. “யூடியூபில் தமிழ் விளக்கம் பார்த்தால் தமனி, சிரை, திசு என்கிறார்கள். இன்னும் குழம்புகிறேன். எப்படிப் பாடமாக்குவது?” என்று கேட்கிறார்.

தமிழ்நாட்டுப் புத்தகத்தின் தமனி நம் பாடநூலில் நாடி, தங்கச்சி. சிரை நமக்கு நாளம், திசு இழையம், செல் கலம், கணையம் சதையி. பொருள் ஒன்றுதான். ஒரு சீ.ஆர். கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். முதலாவதில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் பாடநூல் சொல், மூன்றாவதில் வாட்டில் நோயாளி சொல்லும் சொல். அந்த மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிது.

“நரம்பில் சேலைன் ஏற்றினார்கள்” என்றுதான் நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஏறுவது நாளத்தில். நரம்பு மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கடத்துவது. அதில் ஊசி பட்டால் கரண்ட் அடித்ததுபோல் விரல்வரை சுரீரென்று ஓடும். வாட்டில் ஒரு ஆச்சி “கால் நரம்பு இழுக்குது மகள்” என்றால் பெரும்பாலும் கெண்டைக்கால் தசை பிடித்திருக்கும். “வயிறு” என்பார், அது இரைப்பையாகவும் இருக்கலாம், அடிவயிறாகவும் இருக்கலாம். விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

நாடி இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும், நாளம் திரும்பக் கொண்டுவரும். நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று பிரித்துப் பாடமாக்கினால் நுரையீரல் நாடியில் பிழைத்துவிடும். அதில் ஓடுவது ஒட்சிசன் குறைந்த இரத்தம்.

உடம்பில் பக்கம் காட்டும் ஆங்கிலச் சொற்களுக்குக் கொப்பி வேண்டாம். நிலைக்கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்னே திருப்புங்கள். எல்லாம் இந்த நிலையிலிருந்துதான். சின்னவிரல் நடுக்கோட்டுக்குக் கிட்ட, அது மீடியல். பெருவிரல் வெளிப்பக்கம், லற்றரல். தோளுக்குக் கிட்ட இருக்கும் முழங்கை புறொக்சிமல், மணிக்கட்டு டிஸ்டல். இடம், வலம் எப்போதும் நோயாளியுடையது. டோர்சல் என்றால் முதுகுப்புறம். மீனின் முதுகுத் துடுப்புக்கும் அதே பெயர். ஆனால் பாதத்தில் அது மேற்பக்கம். செருப்பு வார் படுகிற இடத்தில் இரண்டு விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். துடிப்பது டோர்சாலிஸ் பீடிஸ் நாடி. சீனி வருத்தக்காரரின் காலுக்கு இரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று அங்கேதான் தேடுவோம்.

தமிழில் படித்ததைக் குறையாக நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார்.

ஒரு சோடியை மட்டும் தனியாக எழுதி மேசையில் ஒட்டுங்கள். ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு. ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்த குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே. அப்படி வியர்த்து நடுங்கும் நோயாளி விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனித் தண்ணீர் வேண்டும். ஹைப்பர் என்று எடுத்து இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. வாட்டுச் சத்தத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கும், யாராவது வாயால் சொன்னால், “எத்தனை?” என்று எண்ணையும் கேட்டு எழுதுங்கள்.