தம்பியின் அவசரமும் மூன்று பேட்லாக்கும்

கேள்வி: திருப்பூரில் 8 ஓவர்லாக் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் மெஷின்), 3 பேட்லாக் (அதன் பிறகு ஓரம் மடித்து அடிக்கும் மெஷின்) வைத்து, கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு பேட்லாக்கில் 2 நிமிடம், பீஸுக்கு 8 ரூபாய் நிற்கும். லேடீஸ் டாப்புக்கு 5 நிமிடம், 15 ரூபாய் நிற்கும். அதனால் டாப்புக்குத்தான் முதலிடம் தருகிறேன். ஆனாலும் பேட்லாக் முன்னால் பீஸ் குவிந்து டெலிவரி தள்ளிப்போகிறது. தம்பி வாரம் மூன்று முறை அவசரம் என்று கொண்டுவருவதையும் நடுவில் ஏற்றிவிடுவேன். நூல் மாற்ற அரை மணி, அவ்வளவுதான். கடன் வாங்கி இன்னும் 4 ஓவர்லாக் போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஓவர்லாக் கூடினால் பேட்லாக் முன்னால் இருக்கும் குவியல்தான் கூடும்.

"அரை மணி, அவ்வளவுதான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தம்பிக்காக ஒரு தடவை, பழைய ஆர்டருக்குத் திரும்ப ஒரு தடவை: மெஷினுக்கு ஒரு மணி, மூன்றுக்கும் 180 நிமிடம். டி-ஷர்ட் கணக்கில் நிமிடத்துக்கு 4 ரூபாய். ஒரு அவசரத்துக்கு 720, வாரத்துக்கு 2,160 ரூபாய் போகிறது. நூலின் டென்ஷன் (இழுவை) சரியாக அமையாமல் ஆல்டரேஷனுக்குத் திரும்பும் பீஸ் தனி.

குடும்பம் என்றால் தம்பி மட்டும்தானா? பேட்லாக் நின்றால் பின்னால் செக்கிங், மடிப்புப் பெண்களும் கை கட்டி உட்கார வேண்டும். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு சனிக்கிழமை சம்பளம் குறையும். தம்பிக்கு உதவ வேண்டுமானால் உங்கள் பையிலிருந்து செய்யுங்கள். அவர்கள் கூலியில் கைவைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

டாப் விஷயத்திலும் கணக்கு தப்பு. எட்டு மணி நேர ஷிப்டில் மூன்று பேட்லாக்குக்கும் சேர்த்து 1,440 நிமிடம். டி-ஷர்ட் ஓட்டினால் 720 பீஸ், 5,760 ரூபாய். டாப் ஓட்டினால் 288 பீஸ், 4,320தான். இனி ஆர்டர் பேசும்போது பீஸுக்கு எவ்வளவு என்று பார்க்காமல், பேட்லாக் நிமிடத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஏற்கெனவே வாக்குக் கொடுத்ததை மட்டும் தேதிப்படி முடித்துவிடுங்கள்.

ஓட்டை, டேமேஜ் பீஸைப் பேட்லாக்குக்கு முன்பே பிரித்தெடுங்கள். கழிக்கப்போகும் துணிக்கு அந்த நிமிடம் வீண். வெள்ளையில் தொடங்கி வெளிர் நிறம், கடைசியில் கறுப்பு என்று ஓட்டினால் நூல் மாற்றும் வேலையும் குறையும், வெள்ளையில் கறுப்புப் பஞ்சு ஒட்டாது. பேட்லாக் தெரிந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவரைச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றி உட்கார வையுங்கள். ஓவர்லாக் ஒரு நாள் வேலைக்கு மேல் முன்னால் ஓடிவிட்டால் நிறுத்துங்கள்.

தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்: வியாழக்கிழமைக்குள் கட்டிங் (வெட்டிய துணி) வந்தால் திங்கட்கிழமை அவர் முறை, நடுவில் ஏற்றுவது கிடையாது. கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.